லிப்என்எஃப்சி நிறுவியும் ரீடர் தெரியவில்லை என்றால்

அக்கரைப்பற்றில் ரியூட்டரி நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். பிள்ளைகளின் வரவை என்எஃப்சி அட்டை, அதாவது தொட்டு வாசிக்கும் அட்டை, வைத்துப் பதிய ஏசிஆர்122யூ என்ற யூஎஸ்பி ரீடர் ஒன்று வாங்கியிருக்கிறார். அது சரிவராவிட்டால் பார்க்கலாம் என்று சிவப்பு நிற பிஎன்532 ரீடர் போர்டு ஒன்றும் கையில் இருக்கிறது. லினக்ஸ் ஓடும் சின்னக் கணினியான ராஸ்பெரி பை 4 இல், ரீடரோடு பேசுவதற்கான லிப்என்எஃப்சி லைப்ரரியை நிறுவினார். நிறுவும்போது ஒரு பிழையும் வரவில்லை, ரீடரின் சின்ன விளக்கும் எரிகிறது. ஆனால் என்எஃப்சி-லிஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் 'நோ என்எஃப்சி டிவைஸ் ஃபவுண்ட்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அழித்து அழித்து நிறுவியும் அதே கதை. "இந்த லைப்ரரியைச் சரியாக நிறுவுவது எப்படி?" என்கிறார். கேள்வி அப்படி இருந்தாலும் நிறுவுவதில் அவருக்குச் சிக்கல் இல்லை. லைப்ரரி சரியாக ஏறாவிட்டால் அந்தச் செய்தியே வந்திருக்காது. ஏறிய லைப்ரரியின் கண்ணில் ரீடர் ஏன் படவில்லை என்பதுதான் விஷயம். அதற்குள் அவர் கேட்காத இன்னொரு கேள்வியும் இருக்கிறது: வரவு பதிவதற்கு இந்த லைப்ரரிதான் வேண்டுமா? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

மட்டக்களப்பில் பல வருடமாகச் சிறிய எலெக்ட்ரொனிக் வேலைகளும் லினக்ஸ் வேலைகளும் செய்து வருகிறேன். கல்லடி தொடக்கம் கல்முனை வரை சில வகுப்புகளுக்கும் கடைகளுக்கும் இப்படியான ரீடர்களைப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். ஆகவே லினக்ஸ் பக்கம் நான் சொல்வதை நம்பி எடுக்கலாம். விண்டோஸில் இந்த லைப்ரரியை வைத்து நான் தொழில் செய்ததில்லை, அதைத் தொடவில்லை. உங்கள் போர்டையும் வயரையும் நேரில் பார்க்காததால் அந்தப் பகுதியில் சொல்வது அனுபவ ஊகம். எது உறுதி, எது ஊகம் என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் லிப்என்எஃப்சி என்றால் என்ன, எதற்கானது என்பதைப் பார்த்துவிடுவோம். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ரூல் வெர்டுல்ட் 2009 இல் தொடங்கிய திட்டம் இது. சி மொழியில் எழுதப்பட்டது, எல்ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. இப்போது பெரும்பாலானவர்கள் பாவிப்பது 2020 இல் வந்த 1.8.0 பதிப்பு. பெயரைப் பார்த்தால் என்எஃப்சி என்று எழுதியிருக்கும் எல்லாச் சாமானுக்கும் இது பொருந்தும் என்று தோன்றும். அப்படியில்லை. பெரும்பாலும் என்எக்ஸ்பி நிறுவனத்தின் பிஎன்531, 532, 533 சில்லுக் குடும்பத்தோடு நேரடியாகப் பேசவே இது எழுதப்பட்டது. உங்கள் இரண்டு சாமானிலும் உள்ளே இருப்பது பிஎன்532 தான், அதனால் தப்பித்தீர்கள். ஆர்சி522 என்ற நீலப் போர்டை மலிவாக இருக்கிறது என்று வாங்கிவிட்டு இதே கேள்வியைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சில்லை லிப்என்எஃப்சி ஆதரிப்பதில்லை; எத்தனை முறை நிறுவினாலும் தெரியாது. அதற்கு வேறு லைப்ரரிகள் இருக்கின்றன.

அட்டைகளிலும் இதே குழப்பம் உண்டு. பிஎன்532 வேலை செய்வது 13.56 மெகாஹேர்ட்ஸில். சந்தையில் சாவிக்கோர்வை போல விற்கும் டேக்குகளில் ஒரு பகுதி 125 கிலோஹேர்ட்ஸ் வகை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, அதே நீலப் பிளாஸ்டிக். 125 வகையை இந்த ரீடரில் வைத்தால் சத்தமும் வராது, சலனமும் இருக்காது. ஐஎஸ்ஓ 15693 என்ற வகை அட்டையையும் பிஎன்532 வாசிக்காது. ஆகவே நூறு அட்டைக்கு ஓடர் போடுவதற்கு முன் ஒன்றிரண்டை வாங்கிச் சோதியுங்கள். கையில் என்எஃப்சி உள்ள அன்ட்ரொய்ட் ஃபோன் இருந்தால், அதன் பின்பக்கத்தில் அட்டையைத் தொட்டுப் பார்ப்பதே வேகமான சோதனை. ஃபோன் ஏதாவது எதிர்வினை காட்டினால் அது 13.56 வகை.

இனி ரீடர். ஏசிஆர்122யூ விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அந்த ரீடர் கெட்டுப்போகவில்லை, லைப்ரரியும் கெட்டுப்போகவில்லை. ரீடரை ஏற்கெனவே வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். யூஎஸ்பியில் வரும் இப்படியான சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கையில் எடுக்க முடியும். லினக்ஸில் அதற்குப் போட்டி போடுபவர்கள் மூன்று பேர். முதலாவது கேர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. அதற்குள்ளேயே பிஎன்533 என்ற டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் நிரல், இருக்கிறது. ரீடரைச் செருகிய கணமே அது ஓடிவந்து பிடித்துக்கொள்ளும். இரண்டாவது பிசிஎஸ்சிடி என்ற சேவை, ஸ்மார்ட் கார்ட் ரீடர்களுக்குப் பொதுவான பின்னணி நிரல். மூன்றாவதாகத்தான் லிப்என்எஃப்சி வருகிறது, அது வரும்போது கதவு பூட்டியிருக்கும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ரீடரைச் செருகி எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டுங்கள். பட்டியலில் 072எஃப்:2200 என்ற எண் தெரிந்தால் வயரும் யூஎஸ்பியும் நலம். அது தெரியாவிட்டால்தான் வயரையோ, வேறு போர்ட்டையோ பார்க்க வேண்டும். அதுவரை வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டாம். அடுத்து எல்எஸ்மொட் என்று தட்டி, அதில் பிஎன்533_யூஎஸ்பி, பிஎன்533, என்எஃப்சி என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் கேர்னல் பிடித்திருக்கிறது. லிப்என்எஃப்சி தரும் விரிவான செய்தியில் 'அனேபிள் டு க்ளெய்ம் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்' என்று வந்தாலும் அர்த்தம் அதுவே.

விடுவிப்பது சுலபம். இப்போதைக்கு மட்டும் கழற்ற வேண்டுமென்றால் மொட்ப்ரோப் கட்டளையை மைனஸ் ஆர் சேர்த்து, மேலே சொன்ன மூன்று பெயரையும் அதே ஒழுங்கில் கொடுங்கள். ஆனால் பையை அணைத்துப் போட்டால் அது திரும்பி வரும். நிரந்தரமாகத் தடுக்க, ஈடிசி அடைவுக்குள் மொட்ப்ரோப்.டி என்ற அடைவில் பிளாக்லிஸ்ட்-லிப்என்எஃப்சி.கொன்ஃப் என்று ஒரு கோப்பை உருவாக்கி, மூன்று பெயருக்கும் மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் முதலில் பிளாக்லிஸ்ட், பிறகு இடைவெளி, பிறகு பெயர். லைப்ரரியின் மூலக்கோப்புகளோடு வரும் கொன்ட்ரிப் அடைவில் இதே கோப்பு தயாராகவும் இருக்கிறது. எழுதிவிட்டு ஒருமுறை ரீபூட் செய்துவிட்டு, திரும்ப எல்எஸ்மொட் பாருங்கள். உங்கள் கேள்வியில் நிறுவும்போது பிழை இல்லை, ரீடரின் சின்ன விளக்கு எரிகிறது என்று இருப்பதால், இந்த இடத்திலேயே உங்கள் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

தீராவிட்டால் பிசிஎஸ்சிடி. இதை நிறுத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிஸ்டம்சிடிஎல் ஸ்டொப் கொடுத்து பிசிஎஸ்சிடி சேவையை நிறுத்துவார்கள், பட்டியலில் நின்றும் இருக்கும். ஆனால் யாராவது ஸ்மார்ட் கார்ட் பக்கம் எட்டிப் பார்த்த உடனே அது எழுந்துவிடும். காரணம், பிசிஎஸ்சிடி.சொக்கெட் என்ற இன்னொன்று காவல் இருந்து அதை எழுப்புகிறது. இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும். இனி எப்போதும் வேண்டாம் என்றால் டிசேபிளும் கொடுக்க வேண்டும். மறக்காதீர்கள், லிப்என்எஃப்சியா பிசிஎஸ்சிடியா என்று ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். இரண்டையும் ஒரே ரீடரில் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது.

இதற்கும் பிறகு நிர்வாகி உரிமை தரும் சுடோவை முன்னால் போட்டால் வேலை செய்கிறது, போடாவிட்டால் இல்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை. அதற்காக எல்லாவற்றையும் சுடோவில் ஓட்டும் பழக்கத்துக்குப் போய்விடாதீர்கள். அதே கொன்ட்ரிப் அடைவில், செருகும் சாதனத்தை யார் பாவிக்கலாம் என்று சொல்லும் யூடெவ் விதிக் கோப்பு ஒன்று இருக்கிறது, பெயர் 93-பிஎன்53எக்ஸ்.ரூல்ஸ். அதை ஈடிசி, யூடெவ், ரூல்ஸ்.டி என்று போகும் அடைவில் வைத்து, உங்கள் பயனர் பெயரை பிளக்டெவ் குழுவில் சேர்த்துவிட்டு, ரீடரைக் கழற்றிச் செருகினால் சரி.

சிவப்புப் போர்டு வேறு கதை. அதை யாரும் பிடித்து வைத்திருக்க மாட்டார்கள்; அதை யாரும் தேடுவதே இல்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. யூஎஸ்பியில் செருகும் சாதனம் தன் எண்ணைத் தானே சொல்லும். கம்பியில் தொங்கும் போர்டு அப்படிச் சொல்லாது. சீரியல் போர்ட்டில் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க லைப்ரரி அங்கே பைட்டுகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். அந்தப் போர்ட்டில் ரீடருக்குப் பதில் பிரிண்டரோ மோடமோ இருந்தால் அது குழம்பிப் போகும். அதனால் இப்படித் தட்டிப் பார்க்கும் தேடலை லிப்என்எஃப்சி வழமையாக மூடியே வைத்திருக்கிறது. ரீடர் இன்ன இடத்தில் இருக்கிறது என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதும் இடம் ஈடிசி அடைவில் என்எஃப்சி என்ற அடைவுக்குள் இருக்கும் லிப்என்எஃப்சி.கொன்ஃப். அதில் டிவைஸ்.நேம் என்று ஒரு பெயரும், டிவைஸ்.கனெக்ட்ஸ்ட்ரிங் அல்ல, டிவைஸ்.கொன்ஸ்ட்ரிங் (ஆங்கிலத்தில் இரண்டு 'என்' வரும்) என்று ஒரு முகவரியும் கொடுக்க வேண்டும். பலர் இந்தச் சொல்லைப் பிழையாகத் தட்டுகிறார்கள், லைப்ரரியும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. முகவரி இந்த வடிவில் வரும்: டிரைவரின் பெயர் பிஎன்532_யுஆர்ட், முக்காற்புள்ளி, பிறகு டெவ் அடைவிலிருந்து சீரியல் போர்ட்டின் முழுப் பாதை. பை 4 இல் அது சீரியல்0. மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள்.

அதற்கு முன் போர்டையே பாருங்கள். அதன் மூலையில் இரண்டு குட்டிச் சுவிட்ச் இருக்கும், போர்டு பையோடு எந்தக் கம்பி வழியில் பேச வேண்டும் என்று சொல்பவை அவை. இரண்டும் கீழே, அதாவது 0 0, என்றால் சீரியல். முதலாவது மட்டும் ஓன் என்றால் ஐ2சி. இரண்டாவது மட்டும் ஓன் என்றால் எஸ்பிஐ. போர்டிலேயே ஒரு சின்ன அட்டவணையாக இது அச்சிட்டிருக்கும். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். அந்தச் சுவிட்ச் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் டேப்பைக் கழற்றாமலே நகத்தால் தள்ளிவிட்டு, மாற்றிவிட்டேன் என்று நினைப்பவர்கள் உண்டு. டேப்பைக் கழற்றுங்கள், ஊசி முனையால் தள்ளுங்கள். மாற்றிய பிறகு மின்சாரத்தை ஒருமுறை எடுத்துக் கொடுங்கள், ஏனென்றால் சில்லு எழும்பும்போதுதான் சுவிட்சைப் பார்க்கிறது.

சீரியல் வழிக்கு வயர் நான்குதான். பையின் 8 ஆம் பின்னிலிருந்து போர்டின் ஆர்எக்ஸுக்கு, 10 ஆம் பின்னிலிருந்து டிஎக்ஸுக்கு, பிறகு கிரவுண்ட், பிறகு 3.3 வோல்ட். அனுப்புவதும் கேட்பதும் குறுக்காக மாற வேண்டும். டிஎக்ஸை டிஎக்ஸோடு கட்டினால் இருவரும் பேசுவார்கள், கேட்க ஆள் இருக்காது. பையின் சிக்னல் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதை நினைவில் வையுங்கள். அடுத்து ராஸ்பி-கொன்ஃபிக் கட்டளைக்குள் போய் சீரியல் வழியாக லொகின் கொடுப்பதை நிறுத்தி, சீரியல் வன்பொருளை மட்டும் இயக்கி விடுங்கள். அங்கே இரண்டு கேள்வி கேட்கும். முதலாவதுக்கு இல்லை, இரண்டாவதுக்கு ஆம். பயனரை டயல்அவுட் குழுவில் சேர்ப்பதும் வேண்டும்.

ஐ2சி வழியைப் பலர் விரும்புவார்கள், இரண்டே சிக்னல் வயர் என்பதால். ஐ2சிடிடெக்ட் கட்டளையில் 24 என்ற எண் தோன்றினால் போர்டு உயிரோடு இருக்கிறது, அது உறுதி. ஆனால் பிஎன்532 பதில் சொல்ல நேரம் எடுக்கும்போது கடிகார வயரைப் பிடித்து நிறுத்தும். ராஸ்பெரி பைகளின் ஐ2சி அதைச் சமாளிப்பதில் தொடக்கத்திலிருந்தே பலவீனமானது. அதனால் காலையில் வேலை செய்து பின்னேரம் படுத்துவிடும். நான் யாருக்கும் இதைக் கட்டிக் கொடுப்பதில்லை. சீரியல் அல்லது எஸ்பிஐ என்பதே என் தெரிவு, முதலில் சீரியல்.

எல்லாம் செய்தும் தெரியாவிட்டால் ஊகிப்பதை விட்டுவிட்டு லொக்கை, அதாவது லைப்ரரி எழுதும் பதிவை, பாருங்கள். லிப்என்எஃப்சி_லொக்_லெவல் என்ற சூழல் மாறியை, இது மட்டும் பெரிய எழுத்தில், 3 என்று கொடுத்துவிட்டு அதே வரியில் என்எஃப்சி-லிஸ்டை ஓட்டுங்கள். திரை நிறைய எழுத்து வரும், பயப்பட வேண்டாம். டிஎக்ஸ் என்று தொடங்கும் வரி நாம் அனுப்பியது, ஆர்எக்ஸ் என்று தொடங்குவது போர்டு சொன்னது. சீரியலில் முதல் டிஎக்ஸ் வரி 55 55 00 00 என்று தொடங்கும், தூங்கும் சில்லை எழுப்பும் பைட்டுகள் அவை. அதன் பின் 00 00 எஃப்எஃப் 00 எஃப்எஃப் 00 என்று ஆர்எக்ஸ் வந்தால் போர்டு 'கேட்டேன்' என்கிறது, வயர் சரி. டிஎக்ஸ் மட்டும் வந்து ஆர்எக்ஸே இல்லையென்றால் வயர் குறுக்காக மாறவில்லை, அல்லது சுவிட்ச் சரியில்லை, அல்லது பின் தலைகள் சோல்டர் பிடிக்கவில்லை. இந்த மூன்றில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது, போர்டைப் பார்க்க வேண்டும். ஆனால் சோல்டர் செய்யாமல் பின்னைச் சும்மா துளையில் குத்தி வைத்துச் சோதிப்பவராக இருந்தால், அங்கிருந்தே தொடங்குங்கள். டிஎக்ஸ் வரியே இல்லையென்றால் பெரும்பாலும் லைப்ரரி உங்கள் கோப்பைப் படிக்கவே இல்லை.

அந்தக் கடைசி நிலைமைக்கு ஒரு காரணம் உண்டு, அது நிறுவும் முறையோடு தொடர்புள்ளது. நிறுவ இரண்டு வழி: லினக்ஸின் பொதி நிறுவியான ஏபிடி வழியாக லிப்என்எஃப்சி-பின், லிப்என்எஃப்சி-டெவ் பொதிகளை எடுப்பது ஒன்று, மூலக்கோப்பை இறக்கி நாமே கட்டுவது மற்றது. உங்களுக்கு ஏபிடி போதும். மூலத்திலிருந்து கட்டுபவர்கள் இணையத்தில் பார்த்த வரியை அப்படியே ஒட்டி, கொன்ஃபிகர் கட்டத்தில் சிஸ்கொன்ஃப்டிர் என்ற தெரிவை ஈடிசி என்று கொடுக்க மறந்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் லைப்ரரி தன் கோப்பை யூஎஸ்ஆர், லோக்கல், ஈடிசி என்ற இன்னொரு பாதையில் தேடும். நீங்கள் ஈடிசியில் எழுதிய முகவரி அதற்குத் தெரியாது, பிழையும் சொல்லாது. கட்டி முடித்ததும் எல்டிகொன்ஃபிக் ஓட்டாவிட்டால் லிப்என்எஃப்சி.எஸ்ஓ.6 கிடைக்கவில்லை என்று முறைப்பாடு வரும். அது சின்ன விஷயம், ஓட்டினால் போய்விடும். நீங்கள் அழித்து அழித்து நிறுவியதாக எழுதியிருப்பதால் இரண்டு வழியிலும் நிறுவியிருப்பீர்களோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. விச் என்எஃப்சி-லிஸ்ட் என்று கேட்டுப் பாருங்கள். பாதையில் லோக்கல் என்று வந்தால் கையால் கட்டியது ஓடுகிறது. அதை மூல அடைவிலிருந்து மேக் அன்இன்ஸ்டோல் கொடுத்து நீக்கிவிட்டு ஏபிடியில் வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீடர் தெரிந்துவிட்டது என்று வைப்போம். அட்டையை வைத்து என்எஃப்சி-லிஸ்ட் ஓட்டினால் மூன்று வரி முக்கியம். ஏடிகியூஏ, எஸ்ஏகே இரண்டும் அட்டையின் வகையைச் சொல்லும் குறிகள். ஏடிகியூஏ 00 04, எஸ்ஏகே 08 என்று வந்தால் அது மிஃபேர் கிளாசிக் 1கே, பெரும்பாலும் வெள்ளை அட்டைகள் இவைதான். ஏடிகியூஏ 00 44, எஸ்ஏகே 00 என்றால் என்டிஏஜி அல்லது அல்ட்ராலைட் குடும்பம், வட்ட ஸ்டிக்கர்கள் இப்படி வரும். நடுவில் வரும் யூஐடி, அதாவது அட்டையின் அடையாள எண்தான் உங்களுக்கு வேண்டியது. கிளாசிக்கில் பெரும்பாலும் 4 பைட், என்டிஏஜியில் 7 பைட். தரவுத்தளத்தில் அதை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் வரும் பூச்சியங்கள் காணாமல் போய் ஒரு பிள்ளை எப்போதும் வராதவராகவே இருப்பார்.

சரி, இரண்டாவது கேள்வி. அட்டையின் யூஐடியை வாசித்து நேரத்தோடு பதிவது மட்டும்தான் வேலை என்றால், ஏசிஆர்122யூவுக்கு லிப்என்எஃப்சி வேண்டாம் என்பது என் கருத்து. இந்த லைப்ரரியின் பலம் சில்லோடு அடிமட்டத்தில் பேசுவது: அட்டைபோல நடிக்க வைப்பது, மிஃபேர் அட்டையை முழுதாகப் பிரதி எடுத்து ஆராய்வது, நேரக் கணக்கை மாற்றிப் பார்ப்பது. ரியூட்டரி வாசலில் அதற்கு வேலை இல்லை. மேலே வில்லனாகக் காட்டிய பிசிஎஸ்சிடியையே திரும்ப எழுப்புங்கள். பைதனில் பைஸ்கார்ட் என்ற தொகுதியை நிறுவி, அட்டை வந்ததும் எஃப்எஃப் சிஏ 00 00 00 என்ற ஐந்து பைட்டை அனுப்பினால் யூஐடி திரும்பி வரும், கடைசியில் 90 00 என்றால் வெற்றி. எடுத்து வைத்த அட்டையை அதுவே கண்டுபிடித்துச் சொல்லும், நாம் சுற்றிச் சுற்றிக் கேட்கத் தேவையில்லை. பிற்காலத்தில் வேறு நிறுவனத்தின் ரீடர் வாங்கினாலும் பெரும்பாலும் அதே நிரல் ஓடும். கேர்னல் டிரைவரைத் தடுக்கும் அந்த மூன்று வரி இந்த வழிக்கும் வேண்டும், அதை நீக்கிவிடாதீர்கள். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து சோதிக்கும்போது மட்டும் அனுமதி மறுத்தால் பொல்கிட் என்ற காவல்காரரின் வேலை அது; நேரே திரை முன் இருந்து ஓட்டிப் பாருங்கள்.

சிவப்புப் போர்டுக்கு மட்டும் லிப்என்எஃப்சி பொருத்தம், ஏனென்றால் கம்பியில் தொங்கும் அதை பிசிஎஸ்சிடி தானாகப் பார்ப்பதில்லை. இரண்டும் கையில் இருப்பதால் ஏசிஆரை வாசலில் வையுங்கள், போர்டை நீங்கள் படிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

யூஐடியை நம்புவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிஃபேர் கிளாசிக்கின் கிரிப்டோ1 மறையாக்கத்தை 2008 இலேயே அதே ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அது அட்டைக்குள் எழுதும் தரவைப் பற்றியது. யூஐடிக்கோ மறையாக்கமே கிடையாது, யார் கேட்டாலும் அட்டை அதைச் சொல்லும். அதை மாற்றி எழுதக்கூடிய அட்டைகளும் விற்பனைக்கு உண்டு. பணமோ பூட்டோ சம்பந்தப்பட்டால் இந்த முறை வேண்டவே வேண்டாம். ஏஎல் வகுப்பு வரவுக்கு இது போதும் என்றே நினைக்கிறேன். அங்கே அட்டையைப் பிரதி எடுக்கும் கள்ளன் வரப்போவதில்லை, கூட்டாளியின் அட்டையையும் சேர்த்துத் தட்டும் பொடியன்தான் வருவான். அதற்கு மறையாக்கம் மருந்தில்லை; தட்டியதும் திரையில் பிள்ளையின் படம் பெரிதாக வரட்டும், வாசலில் இருப்பவர் ஒரு பார்வை பார்க்கட்டும். ஃபோனைத் தட்டி வரவு பதியலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிய முடியாது. ஃபோன்கள் பொதுவாக ஒவ்வொரு முறையும் புதிய யூஐடியை உருவாக்கிக் கொடுக்கும், அது 08 என்று தொடங்கும். உங்கள் நிரலில் 08 என்று தொடங்கும் 4 பைட் எண்ணை ஏற்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வங்கி அட்டையைத் தட்டினாலும் ஏதோ ஒரு எண் வரக்கூடும். பதிவில்லாத எதையும் சேமிக்காமல் விடுவது நல்லது.

ஏசிஆர்122யூ போடும் 'பீப்' சத்தத்தை நம்ப வேண்டாம். பிசிஎஸ்சிடி வழியில் அட்டையைக் கண்டதும் ரீடர் தானாகவே அதைப் போடுகிறது. உங்கள் நிரல் செத்துக் கிடந்தாலும் பீப் வரும், பிள்ளையும் பதிந்துவிட்டது என்று உள்ளே போய்விடும். தரவுத்தளத்தில் எழுதி முடிந்த பிறகு மட்டும் திரையில் பெயர் வரச் செய்யுங்கள், 'பெயர் வந்தால்தான் வரவு' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நம் ஊருக்கென்று சில விஷயம். வகுப்பு வாசலில் பெரும்பாலும் இரும்பு மேசைதான் கிடக்கும். ரீடரை அதன் மேல் நேராக வைத்தால் இரும்பு அதன் காந்தப்புலத்தை விழுங்கிவிடும். அட்டையை ஒட்டி வைத்தாலும் ஒருமுறை வாசிக்கும், ஒருமுறை வாசிக்காது. கல்லடியில் ஒரு வகுப்பில் ரீடர் பழுது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அதே இரும்பு மேசை. அடியில் ஒரு தடித்த சீஆர் கொப்பியை வைத்ததும் ஒழுங்காக வாசித்தது. பிறகு பலகைத் துண்டு ஒன்றை அறைந்து விட்டார்கள். கடற்கரைப் பக்கமென்றால் சிவப்புப் போர்டின் பின்கள் சில மாதத்தில் பச்சை பிடிக்கும். ஜம்பர் வயரில் தொங்கவிடாமல் சோல்டர் செய்து, ஒரு பெட்டிக்குள் போடுங்கள்.

பை 4 க்குள் மணிக்கூட்டுக்கு பற்றரி கிடையாது. மாரி காலத்தில் கரண்ட் போய் வந்து, அந்த நேரம் இணையமும் இல்லாமல் எழும்பினால் அது விட்ட இடத்திலிருந்து நேரத்தைத் தொடங்கும். நாலு மணி வகுப்புக்கு வந்த பிள்ளை இரண்டு மணிக்கு வந்ததாகப் பதிவாகும், பெற்றோரிடம் யார் பதில் சொல்வது? டிஎஸ்3231 என்ற சின்ன மணிக்கூட்டுப் போர்டு ஒன்றை ஐ2சியில் பொருத்துங்கள், விலை பெரிதில்லை. திடீரென்று கரண்ட் போவது எஸ்டி அட்டையையும் கெடுக்கும் என்பதால், ஒரு சின்ன யூபிஎஸ்ஸும், ஒவ்வொரு நாளும் வரவுக் கோப்பு வேறொரு இடத்துக்குப் பிரதியாகும் ஏற்பாடும் வேண்டும்.

இன்றைக்கு ஏசிஆரை மட்டும் செருகி, எல்எஸ்யூஎஸ்பி, எல்எஸ்மொட், விச் மூன்றும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். மூன்று பெயரையும் தடுத்து ரீபூட் செய்த பிறகும் அதே செய்தி வந்தால், லொக் லெவல் 3 இல் வரும் முழு வெளியீட்டையும் வெட்டாமல் இங்கே ஒட்டுங்கள். போர்டை எடுக்கப் போவதாக இருந்தால் சுவிட்ச் தெரியும்படி ஒரு படமும், வயர் இரண்டு முனையிலும் எங்கே போகிறது என்று தெரியும்படி இன்னொன்றும் போடுங்கள்.